மெயினை அணைத்த பிறகும் கரண்ட் இருக்கும்: பழைய வீடுகளில் செய்யக்கூடாத தவறுகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. தாழ்வாரத்து விளக்கின் ஹோல்டர் உடைந்திருந்தது, அதை மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. மெயினை அணைத்தேன். பக்கத்தில் இருந்த சுவிட்ச் போர்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. ஏணியில் ஏறி ஹோல்டரைக் கழற்றி வயரைத் தொட்டதுமே கையை உதறித் தள்ளியது. உத்தரத்தைப் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு அது. முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு. பின்கட்டுக்குத் தனி மீட்டர் வந்தபோது தாழ்வாரத்து விளக்கு மட்டும் தம்பியின் இணைப்பிலேயே தங்கிவிட்டது. நான் அணைத்தது அண்ணனின் மெயினை. டெஸ்டர் வைத்ததும் அவருடைய போர்டில்தான். தொட்டதோ தம்பியின் வயரை.

பழைய வீடுகளில் நடக்கும் விபத்துகளில் பலவற்றுக்கு இதுதான் மூலம். ‘மெயினை ஆஃப் பண்ணியாச்சு’ என்ற ஒரு சொல்லை நம்பி வயரைத் தொட்டுவிடுகிறோம். 1957இல் சென்னை மாநில மின்சார வாரியம் அமைவதற்கு முன்பே கரண்ட் வந்த வீடுகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு வயரை இழுத்திருக்கிறது. ரீப்பர் கட்டையில் தகரக் கிளிப் அடித்து ஓடும் ரப்பர் வயர், அதன் மேல் ஒரு அலுமினிய வயர், பிறகு பிளாஸ்டிக் பைப்பில் காப்பர் வயர். இதற்கெல்லாம் வரைபடம் எதுவும் கிடையாது. அதனால் முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: எத்தனை மீட்டர், இன்வெர்ட்டர் இருக்கிறதா, சோலார் இருக்கிறதா, வாடகைக்கு விட்ட பகுதி உண்டா, கிணற்று மோட்டாருக்கு லைன் எங்கிருந்து போகிறது. பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துப் பாகத்தின் வயர் தன் கூரைக்குள் ஓடுவது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

லைட் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று நினைப்பது

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் இது.

பழைய மெயின் போர்டுகளில் ஃபேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒரு ஃபியூஸ் கேரியர் (ஃபியூஸ் கம்பி கட்டிய, கழற்றி மாட்டும் கட்டை), நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு ஃபியூஸ் கேரியர் என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் பக்கத்து ஃபியூஸ் போய்விட்டால் வீட்டில் லைட் எரியாது, ஃபேன் சுற்றாது. ஆனால் ஃபேஸ் வயரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அது மட்டுமல்ல. எங்காவது ஒரு லைட்டின் சுவிட்ச் ஆனில் இருந்தால் கரண்ட் அந்த பல்பு வழியாகக் கடந்து நியூட்ரல் வயருக்கும் வந்து நிற்கும். திரும்பிப் போக வழியில்லாமல் காத்திருக்கும் அந்தக் கரண்டுக்கு, நியூட்ரல்தானே என்று தொடுகிறவரின் உடம்பே வழியாகிவிடும். பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று, சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது. வயரிங் செய்தவர் மாற்றிக் கொடுத்திருக்கலாம். அல்லது கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரைப் பின்னொரு நாள் மாற்றும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கலாம். அப்படி மாறினால் வீட்டில் உள்ள எல்லா சுவிட்சும் ஒரே நாளில் நியூட்ரல் சுவிட்சாகிவிடும். சுவிட்சை அணைத்தால் பல்பு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஒற்றை வயரை மட்டும் துண்டிக்கும் மெயின் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் இதே கதைதான். இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் மெயின் அவசியம் என்று சொல்வது இதற்காகத்தான்.

நியூட்ரலைக் கடன் வாங்குவதும் பழைய வீடுகளில் சாதாரணம். மாடிக்கு ஒரு ஃபேஸ் மட்டும் புதிதாக இழுத்து, கையில் கிடைத்த ஏதோ ஒரு நியூட்ரலில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். நீங்கள் கீழ்த்தளத்து ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த நியூட்ரல் முடிச்சைப் பிரித்தால், மாடியில் ஓடும் ஃபேனின் கரண்ட் பிரிந்த முனையில் வந்து நிற்கும். இப்படிப்பட்ட வீட்டில் புதிதாக ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) மாட்டினால் அது அடிக்கடி விழும். விழுகிறதே என்று அதைக் கழற்றி எறிவது பெரிய தவறு. நியூட்ரலைத் தேடிப் பிரிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பூமிக்குக் கசியும் கரண்டிலிருந்து உயிரைக் காக்கும் கருவி. ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதனாலும் காப்பாற்ற முடியாது.

இன்வெர்ட்டரை மறப்பது

மெயினை அணைத்த மறு நொடியே இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும். பேட்டரியிலிருந்து வந்தாலும் வெளியே வருவது அதே 230 வோல்ட்தான். சரி, இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்தால் போதுமா? போதாது. பல இன்வெர்ட்டர்களில் மெயின் கரண்ட் இருக்கும்வரை அது உள்ளே நேராகக் கடந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, இன்வெர்ட்டருக்குப் போகும் பிளக்கையும் பிடுங்கிவிட்டு வேலை செய்யுங்கள். கூரையில் சோலார் தகடு இருந்தால், வெயில் உள்ளவரை அதிலிருந்து இறங்கும் டி.சி. வயரில் கரண்ட் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஜெனரேட்டரை, இரண்டு முனையிலும் பிளக் முள் வைத்த வயரால் வீட்டின் பிளக் பாயிண்டில் செருகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஈ.பி. லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் கரண்ட் வீட்டைத் தாண்டித் தெருக் கம்பத்துக்கு ஏறும். அங்கே லைன் ஆஃப் என்று நம்பி ஒரு ஈ.பி. ஊழியர் ஏறியிருப்பார். தயவுசெய்து அந்த வயரை எங்கே பார்த்தாலும் வெட்டிப் போடுங்கள்.

மூன்று ஃபேஸ் உள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் இருக்கும். அது இல்லாத வீடுகளில் ஃபியூஸ் கேரியர்களுக்கு நடுவே ஒரு துண்டு வயரைச் சொருகியிருப்பார்கள். ஒரு கேரியரைக் கழற்றினால் அந்தப் பகுதி செத்துவிட்டது என்று அங்கே முடிவு செய்ய முடியாது. ஒரே சுவிட்ச் போர்டில் இரண்டு ஃபேஸ் வந்திருந்தால் அவற்றுக்கு நடுவே 400 வோல்ட் அளவுக்கு இருக்கும்.

டெஸ்டரை மட்டும் நம்புவது

சட்டைப் பையில் இருக்கும் நியான் டெஸ்டர் நம் உடம்பின் வழியாக மிகச் சிறிய கரண்டை விட்டுத்தான் எரிகிறது. காய்ந்த மர ஏணியில், ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாக எரியும். முற்றத்து வெயிலில் அந்த மங்கல் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எரியவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டரும் அப்படித்தான். எர்த் ஆன இரும்புப் பைப்புக்குள்ளும், பழைய ஈய உறை போட்ட கேபிளுக்குள்ளும் ஓடும் கரண்டை அதனால் உணர முடியாது.

மல்டிமீட்டர் நல்லது, ஆனால் அது வேறு விதமாகக் குழப்பும். பக்கத்தில் ஓடும் லைனின் தூண்டலால் செத்த வயரிலும் 50, 80 வோல்ட் என்று காட்டும். அங்கேதான் பழைய காலத்து டெஸ்ட் லேம்ப் கைகொடுக்கும். ஹோல்டர், பல்பு, இரண்டு வயர். தூண்டல் கரண்டில் அது எரியாது, உண்மையான கரண்டில் பளிச்சென்று எரியும். மூன்று ஃபேஸ் வீட்டில் மட்டும் இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேஸுக்கு நடுவே வைத்தால் ஒற்றை பல்பு வெடித்துவிடும்.

எதை வைத்துப் பார்த்தாலும் முறை ஒன்றுதான். கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் கருவியைச் சோதியுங்கள். பிறகு நீங்கள் தொடப்போகும் அதே வயரில், அதே இடத்தில் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் என மூன்று ஜோடி. கோடையில் எர்த் குழி காய்ந்திருந்தால் எர்த்தை வைத்துப் பார்க்கும் லேம்ப் எரியாமல் ஏமாற்றும், அதனால் ஒரு ஜோடியோடு நிறுத்தக் கூடாது. கடைசியில் கருவி நடுவில் கெட்டுப்போகவில்லை என்பதை முதல் இடத்துக்கே திரும்பிப் போய் உறுதி செய்யுங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

வயரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது ஒழுங்காகச் செய்த வீட்டுக்கு. பச்சை வயரில் ஃபேஸ் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

பழைய ரப்பர் வயர் தொடாதவரை நன்றாகவே தெரியும். வளைத்தவுடன் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து கம்பி வெளியே வந்துவிடும். அதை இழுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், அந்த வயர் ஓடும் நீளம் முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். சுவரில் துளை போடும்போதும் கவனம். பழைய சுண்ணாம்புச் சுவரில் வயர் சுவிட்சுக்கு நேர் மேலேதான் போகும் என்று விதி கிடையாது, குறுக்கேயும் போகும். டேப் சுற்றி மடித்துப் பூசிவிட்ட பழைய மோட்டார் லைனில் இன்னும் கரண்ட் இருக்கலாம்.

வேலை நடக்கும்போது யாரோ ஃபேன் ஓடவில்லையே என்று மெயினைப் போட்டுவிடுவதும் நடக்கிறது. ஃபியூஸ் கேரியரைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக வரும் தானியங்கி சுவிட்ச்) என்றால் பூட்டுப் போடுங்கள், பூட்டு இல்லையென்றால் ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட் அவுட்டிலும் (ஈ.பி.யின் ஃபியூஸ்) சர்வீஸ் வயரிலும் கை வைக்காதீர்கள். உங்கள் மெயின் எதுவும் அதை அணைக்காது, ஈ.பி. அலுவலகத்தில் சொல்லித்தான் துண்டிக்க வேண்டும்.

ஒருவரை ஷாக் பிடித்துக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் கரண்டை நிறுத்துங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சில் அழுத்தத் தொடங்கிவிட்டு 108க்கு இன்னொருவரை அழைக்கச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எலக்ட்ரீஷியன் வந்ததும் வேலையைத் தொடங்காமல் அரை நாள் லைன் தேடுகிறார் என்றால் அந்த அரை நாளுக்கும் கூலி கொடுங்கள். அந்தத் தாழ்வார வேலைக்குப் பிறகு இரண்டு பாகத்தாரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி எது எதை அணைக்கிறது என்று பார்த்தோம். தாழ்வாரத்து விளக்கை அண்ணனின் போர்டுக்கு மாற்றினோம். எந்தக் கேரியர் எந்த அறைக்கு என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு மெயின் போர்டு மூடிகளின் உட்புறத்திலும் ஒட்டிவிட்டு வந்தேன்.