சிதறல் வீச்சுகளின் புதிய முறைகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது

துகள்கள் மோதிச் சிதறும் நிகழ்தகவைக் கணக்கிட உதவும் எண்ணே சிதறல் வீச்சு. வலு விசையைச் சுமக்கும் துகள்களான குளுவான்களில் இரண்டு மோதி நான்கு வெளிவரும் நிகழ்வை, துகள்களின் இடைவினைகளைப் படமாக்கும் ஃபெய்ன்மன் வரைபடங்களின் வழியே கணக்கிட்டால், வளையங்கள் (மூடிய சுற்றுகள்) இல்லாத முதற்படியிலேயே 220 வரைபடங்கள் தேவைப்படும். ஆயினும் இரண்டு குளுவான்களின் ஹெலிசிட்டி (இயக்கத் திசையை ஒட்டிய தற்சுழற்சி) எதிர்மமாகவும் மற்றவற்றினுடையது நேர்மமாகவும் அமையும்போது, நிற (வலு விசைக்குரிய மின்னூட்டம் போன்ற பண்பு) வரிசைப்படி பிரித்த வீச்சுக்கு, குளுவான்கள் எத்தனையானாலும் பொருந்தும் ஒற்றை வரிச் சூத்திரத்தை ஸ்டீபன் பார்க்கும் டோமாஸ் டெய்லரும் 1986இல் முன்வைத்தனர். ஒவ்வொரு வரைபடமும் ஒரே இயற்பியலை விவரிக்க நாம் தேர்ந்துகொள்ளும் கேஜ் என்ற எழுத்துமுறையைப் பொறுத்து மாறுவதும், அந்தச் சார்பு கூட்டுத்தொகையில்தான் மறைவதும் இடைக்கணக்கு இவ்வளவு பெருகக் காரணம். இதைக் கையால் உணராமல் புதிய முறைகளின் அருமை விளங்காது என்பதால், நான்கு குளுவான் வீச்சை ஒரு முறையேனும் பழைய வழியில் கணக்கிட்டு, விடையைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்துக் கற்க வேண்டியது ஸ்பைனர் ஹெலிசிட்டி. நான்கு கூறுகள் கொண்ட உந்தத்தை 2×2 அணியாக எழுதினால், அதன் அணிக்கோவை நிறையின் வர்க்கமாக இருக்கும். நிறையற்ற துகளுக்கு அது சுழியாவதால், அணி, இரு கூறுகள் கொண்ட இரண்டு ஸ்பைனர்களின் பெருக்கமாகப் பிரிகிறது. 1, 2 என்ற இரு துகள்களின் முதல் வகை ஸ்பைனர்களைச் சேர்த்தால் ⟨12⟩ போன்ற கோண அடைப்புகளும், இரண்டாம் வகையைச் சேர்த்தால் [12] போன்ற சதுர அடைப்புகளும் கிடைக்கின்றன. சதுர அடைப்பின் குறி ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஆகவே இரண்டு உந்தங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம் ⟨12⟩[21] ஆகுமா, ⟨12⟩[12] ஆகுமா என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பிறகு மூன்று துகள் வீச்சில் நீண்ட நேரம் தங்குங்கள். இத்துறையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. உந்தங்கள் மெய்யெண்களாக இருக்கும்வரை அது சுழிதான். கலப்பெண்களாக இருக்கலாம் என்று விட்டால், கோண அடைப்புகள் மட்டுமோ சதுர அடைப்புகள் மட்டுமோ எஞ்சும். ஒரு துகளின் கோண ஸ்பைனரை ஓர் எண்ணால் பெருக்கி, சதுர ஸ்பைனரை அதே எண்ணால் வகுத்தால் உந்தம் மாறாது. வீச்சோ அத்துகளின் ஹெலிசிட்டி விதிக்கும் அடுக்கில் மாறும். 1, 2 எதிர்மம், 3 நேர்மம் எனக் கொண்டு அடுக்குகளைத் தீர்த்தால், ⟨12⟩³ஐ ⟨23⟩⟨31⟩ஆல் வகுத்த விடை, ஒரு மாறிலியைத் தவிர, கோட்பாட்டின் அடிப்படைக் கோவையான லக்ராஞ்சியனைத் தொடாமலே கிடைத்துவிடும்.

இவற்றைக் கோத்துப் பெரிய வீச்சுகளைக் கட்டும் மறுநிகழ்வை பிரிட்டோ, கச்சாஸோ, ஃபெங், விட்டன் ஆகியோர் 2005இல் நிறுவினர். ஒரு துகளின் சதுர ஸ்பைனரையும் மற்றொன்றின் கோண ஸ்பைனரையும், மொத்த உந்தமும் நிறையின்மையும் குலையாதபடி, ஒரு கலப்பெண் மாறியைக் கொண்டு நகர்த்தினால், வீச்சு அம்மாறியின் சார்பாகி, மதிப்பு முடிவிலியாகும் புள்ளியான துருவம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிறிய வீச்சுகளாகப் பிளக்கும். கலப்பெண் சார்புகளுக்கான கோஷியின் எச்சத் தேற்றம் அவற்றைக் கூட்டித் தரும். மாறி முடிவிலியை அணுகும்போது வீச்சு மறைய வேண்டும் என்பது நிபந்தனை. சதுர ஸ்பைனர் நகரும் துகள் நேர்மமாகவும் கோண ஸ்பைனர் நகரும் துகள் எதிர்மமாகவும் இருந்தால் அது நிறைவேறாது. காரணத்தைப் பார்க்-டெய்லர் சூத்திரத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். நான்கு குளுவான்களில் அடுத்தடுத்த இரண்டை நகர்த்தினால் ஒரே ஓர் உறுப்புதான் மிஞ்சும். பத்திரப்படுத்திய விடையை இப்போது எடுத்து ஒப்பிடுங்கள்.

சரிபார்க்கும்போது ஸ்பைனர்களுக்கு விகிதமுறு எண்களைக் கொடுங்கள். கோண ஸ்பைனர்கள் அனைத்தையும், இரண்டு நீங்கலாகச் சதுர ஸ்பைனர்களையும் விருப்பப்படி எடுத்து, எஞ்சிய இரண்டை உந்த அழிவின்மையிலிருந்து தீர்த்தால், தோராயப் பிழையே இன்றிக் கணினியில் கோவைகளை ஒப்பிடலாம். மூன்று எதிர்ம ஹெலிசிட்டிகள் கொண்ட ஆறு குளுவான் வீச்சுக்கு வெவ்வேறு நகர்த்தல்கள் பார்வைக்கு முற்றிலும் வேறான கோவைகளைத் தரும். எண்கள் மட்டும் அப்படியே ஒத்துப்போகும்.

அதன்பின் வளைய வீச்சுகளைச் சிறிய வீச்சுகளாக வெட்டிக் கணக்கிடும் யூனிட்டாரிட்டி வெட்டுகளுக்குச் செல்லலாம். வீச்சுகளைத் தன்னுள் அடக்கிய வடிவமாக 2013இல் அறிமுகமான ஆம்ப்ளிட்யூஹெட்ரனின் வடிவியல் ஈர்க்கக்கூடியது என்றாலும், எடுத்தவுடன் அதற்குள் புகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதற்படி வீச்சுகளில் அவ்வடிவத்தைப் பிரித்தால் கிடைக்கும் துண்டுகள் மேலே கண்ட மறுநிகழ்வின் உறுப்புகளே என்பது, அவ்வுறுப்புகளைக் கணக்கிட்டுப் பழகியவருக்கே புலப்படும்.