காட்டாற்றில் கயாக்: கரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

கோழிக்கோட்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் துஷாரகிரி. அந்த மலையடிவாரத்தில் ஓடும் சாலிப்புழையிலும் பக்கத்து இருவஞ்ஞிப்புழையிலும் 2013 முதல் மலபார் நதித் திருவிழா என்ற கயாக் பந்தயம் நடக்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கோவையிலிருந்து பாலக்காடு வழியாகவும் கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கியும் நம் பசங்க கயாக்கை (ஆள் உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு) வண்டி மேல் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். போகட்டும், நல்ல ஆறுதான். ஆனால் பந்தயத்தன்று ஆபத்தான இடங்களில் மீட்புக் குழு கயிற்றோடு நிற்கும். நீங்கள் நாலு பேர் போகும் சனிக்கிழமை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

பலர் மழையைத் தலைக்கு மேல்தான் பார்க்கிறார்கள். இறங்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மழையோ மேலே வயநாட்டு மலைமுகட்டில் கொட்டிக்கொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்து ஆறுகள் குட்டையானவை, செங்குத்தானவை. மேலே பெய்தது கீழே வர அதிக நேரம் எடுக்காது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் தடிக்கும், சற்றுமுன் தெரிந்த பாறை முழுகியிருக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி உயரத்துக்குப் போய்விட வேண்டும். ‘இந்த ஒரு திருப்பம் மட்டும் முடித்துவிடலாம்’ என்ற பேச்சே கூடாது. மேலே இருட்டிக்கொண்டு வருகிறது என்று டீக்கடைச் சேட்டன் சொன்னால், செல்போன் வானிலையைவிட அதை நம்புங்கள்.

போன வருடம் வந்த வழிதானே என்று பார்க்காமல் இறங்குவது அடுத்தது. ஒரே மழைக்காலத்தில் ஆறு தன் பாறைகளை இடம் மாற்றிவிடும். 2024 ஜூலை 30 வயநாட்டுச் சூரல்மலை நிலச்சரிவில் மரமும் பாறையும் சாலியாற்றின் (சாலிப்புழை அல்ல, இது வேறு ஆறு) வழியே நிலம்பூர்ப் பக்கம் வரை வந்தன. அவ்வளவு பெரிய சரிவு வேண்டாம், ஒரு பாக்கு மரம் குறுக்கே விழுந்தால் போதும். கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. சல்லடைதான். திருப்பத்துக்கு அப்பால் தெரியவில்லையென்றால் ஓரத்தில் தண்ணீர் அடங்கிய இடத்தில் ஒதுங்கி, இறங்கி, நடந்து போய்ப் பாருங்கள். கீழே ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

சரி, பார்க்கும்போது எதைப் பார்ப்பது? அருவியின் உயரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது பாறையின் முகத்தை. தண்ணீர் பாறையில் மோதி எதிர்த்துப் பொங்கி, முன்னால் வெள்ளையாக மேடு கட்டியிருந்தால், அது உங்களையும் ஓரளவு தள்ளிவிடும். வேகமான ஓட்டம் நேராகப் பாறைக்குப் போயும் பொங்காமல் அமைதியாக மறைகிறதென்றால், அடியில் குடைந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே போகிறது. பார்க்கச் சாதுவாக இருக்கும் அந்த இடம்தான் ஆளைக் கொல்லும். சாதாரணப் பாறையில் பக்கவாட்டில் போய் மாட்டிக்கொண்டாலும் உடம்பு தன்னிச்சையாகப் பாறையை விட்டு விலகிச் சாயும். சாய்ந்தால் ஓட்டம் வரும் பக்கத்து கயாக் விளிம்பில் தண்ணீர் ஏறிக் கவிழ்த்துவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதன் பக்கமே சாய வேண்டும்.

பிறகு, அருவிக்குக் கீழே திரும்பிச் சுருளும் நுரை. அதன் இரு ஓரங்களும் ஓட்டத்தின் திசையில் கீழ்நோக்கி வளைந்திருந்தால் பக்கவாட்டில் வெளியே வர வழி உண்டு. மேல்நோக்கி வளைந்திருந்தால் எல்லாம் நடுவுக்கே திரும்பும். தடுப்பணை இன்னும் மோசம். கரைக்குக் கரை ஒரே நேர்கோடு, தப்பிக்க ஓரமே கிடையாது. செம்புக்கடவில் சிறு நீர்மின் நிலையம் இருக்கும் ஆறு இந்தச் சாலிப்புழை. அணைக்கட்டு எங்கே வருகிறது என்று தெரியாமல் மிதந்து போவது மடத்தனம்.

விழும் நொடியில் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்குவது தோள்மூட்டு நழுவ நேர்வழி. முழங்கைகள் தாழ்ந்தே இருக்கட்டும். நுரையில்லாத பச்சைத் தண்ணீரில் உயரத்திலிருந்து தட்டையாக விழுந்தால் முதுகெலும்பு நசுங்கும். அங்கே கயாக்கின் மூக்கு முன்னால் சாய்ந்து இறங்க வேண்டும், உடம்பை முன்னால் மடக்கிக்கொண்டு.

கயாக்கை விட்டு நீந்த நேர்ந்தால் வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்காதீர்கள். முழங்கால் ஆழமே போதும், கால் கல்லிடுக்கில் சிக்கினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசைக்கு நீட்டி மிதந்து வாருங்கள். எதிரே குறுக்கு மரம் வந்தால் மட்டும் தலைகீழ் விதி: குப்புறத் திரும்பி அதை நோக்கி வேகமாக நீந்தி, மேலே ஏறிவிட வேண்டும்.

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் இழுப்பு வார் வெளியே இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளுக்குப் பாருங்கள். அவசரத்தில் உள்ளே மடங்கிப்போனால் தலைகீழாக இருக்கும்போது கைக்குச் சிக்காது. மீட்புக் கயிற்றுப் பை வண்டியில் இருந்து பயனில்லை. முதல் ஆள் இறங்கும் முன்பே, நீந்தத் தெரிந்த இன்னொருவர் அருவிக்குக் கீழே அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மனசு ஒப்பாத இடத்தில் கயாக்கைத் தோளில் போட்டு நடப்பதை அவமானமாக நினைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அனுபவசாலிகள்தான் அதிகம் நடக்கிறார்கள். இங்கே கரையோரம் பெரும்பாலும் ரப்பர், பாக்குத் தோட்டங்கள். எங்கே கரையேறலாம், வேலிக்கு எங்கே வழி என்று முந்தைய நாள் மாலையே தோட்டக்காரரிடம் கேட்டு வையுங்கள். ஆற்றின் சங்கதியும் சேர்த்துச் சொல்வார். அப்புறம், கொஞ்சம் உப்பு. ஜூலை ரப்பர் தோட்டத்தில் அட்டைக்குக் குறைவிருக்காது.