03/04 மார்ச்சா ஏப்ரலா? டேட்டாபேஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடி
ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் லெதர் எக்ஸ்போர்ட் கம்பெனிங்களுக்கு சாஃப்ட்வேர் பாக்குறவங்க கவனிங்க, நம்ம ஆளுங்க 03/04/2025னு அடிச்சா ஏப்ரல் 3, அமெரிக்கா பையர் ஃபைல்ல அதுவே மார்ச் 4, எரரே வராம உள்ள போயிடும், அதான் ஆபத்தே. 25/04 மாதிரி வந்தா தான் சிக்கும்.

தேதிய டெக்ஸ்ட்டா சேமிக்காதீங்க, டேட்டாபேஸ்ல தேதிக்குன்னே இருக்குற டேட் டைப்பே வைங்க. ஏத்தும்போது எந்த ஃபார்மட்னு நீங்களே சொல்லிடணும், எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல டெக்ஸ்ட்ட தேதியா மாத்துற கன்வர்ட் ஃபங்ஷனுக்கு ஸ்டைல் நம்பர் 103 குடுத்தா நாள் முதல்ல, 101னா மாசம் முதல்ல. அங்க குவெரில வருஷம், மாசம், நாள்னு 20250403 மாதிரி ஒட்டியே எழுதுங்க, ஏன்னா நடுவுல ஹைஃபன் போட்டா பழைய டேட்டைம் டைப்பு பிரிட்டிஷ் செட்டிங்ல அதையும் நாள், மாசம் மாத்தி படிச்சிடும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்னா நாள் முதல்லயா மாசம் முதல்லயான்னு முடிவு பண்ற டேட்ஸ்டைல் செட்டிங் பாத்துக்கோங்க.

ஸ்க்ரீன்ல மட்டும் நம்மூர் மாதிரி காட்டிக்கலாம்.