பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான உதவிகள்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"இப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது, அக்கா."

பல்கலைக்கழக மகளிர் மையம் ஒன்றில் தன்னார்வலராக இருந்த ஆண்டுகளில் நான் அடிக்கடி கேட்ட சொற்கள் இவை. உதவித்தொகைக்கான கடைசி நாள் கடந்த பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பருவத் தேர்வையே விட்டுவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு கொடுமையை ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் சுமந்துவிட்டு வந்தவர்களும் சொன்னார்கள். எங்கள் அறை நூலகத்துக்குப் போகும் வழியில்தான் இருந்தது. நாள்தோறும் அதைக் கடந்துதான் அவர்கள் போயிருக்கிறார்கள்.

மனம் உடைந்து கிடக்கும் நாளில் யாராலும் பல்கலைக்கழக இணையதளத்தைப் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எனவே எந்தத் தொல்லையும் இல்லாத ஒரு சாதாரண நாளில், சேர்ந்த முதல் மாதத்திலேயே, கீழே சொல்லும் வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். முதல் இரண்டு படிகளுக்கு இரண்டு பிற்பகல்கள் போதும். எந்த நாட்டில் படித்தாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: எந்தப் பெயரில் தேடுவது?

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இந்த உதவிகள் ஒரே பெயரில் இருப்பதில்லை. மகளிர் மையம், பாலினச் சமத்துவப் பிரிவு, மாணவர் நல அலுவலகம், மனநல ஆலோசனை மையம், உள்ளகப் புகார்க் குழு என்று பெயர்கள் மாறும். எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள். சில வளாகங்களில் இவையெல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும். பல வளாகங்களில் மூலைக்கு ஒன்றாகக் கிடக்கும்.

இந்தச் சிதறலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960-இல் பெண்களுக்கான தொடர்கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. குடும்பப் பொறுப்புகளால் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் மீண்டும் வகுப்புக்கு வர வழி செய்வது அதன் நோக்கம். அதே நாட்டின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1973-இல் மகளிர் மையம் பிறந்த கதை வேறு. வளாகத்தை ஒட்டி நடந்த பாலியல் வன்முறைகளைக் கண்டு கொதித்த மாணவியர் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திப் பெற்ற மையம் அது. ஒன்று படிப்பு தடைபடாமல் இருப்பதற்காக, மற்றொன்று அச்சமின்றி நடமாடுவதற்காக. இன்றும் இந்த இரண்டு நோக்கங்களும் பெரும்பாலும் தனித்தனி அலுவலகங்களாகவே இயங்குகின்றன. ஆகவே ஒரு கதவைத் தட்டி, "அது இங்கே இல்லை" என்ற பதில் வந்தால் திரும்பிவிடாதீர்கள். "அப்படியானால் யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, பெயரையும் அறை எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு தாளில் எழுதுங்கள்

யார், எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அலுவலக நேரத்துக்குப் பிறகு எந்த எண். இந்த நான்கையும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தாளையும் எறிந்துவிட வேண்டாம், கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோகும் நேரமும் வரும்.

எழுதியதோடு விடாமல், அலுவலக எண்கள் ஒவ்வொன்றையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். சுவரொட்டியில் அச்சிட்ட எண்ணை அழைத்தால் பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஒருவரின் மேசையில் மணி அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவசர உதவி எண்ணைச் சோதனைக்காக அழைக்கக் கூடாது. அது சரியான எண்தானா என்று பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: சொல்வதற்கு முன் ஒரு கேள்வி

மற்றப் படிகளை மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் சொல்வதைக் கேட்கும் எல்லோராலும் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் மிகவும் நம்பும் பேராசிரியருக்கோ விடுதிக் காப்பாளருக்கோ, பாலியல் தொல்லை பற்றித் தெரிய வந்தால் நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கடமை இருக்கலாம். அமெரிக்காவில், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவையொட்டிப் பல பல்கலைக்கழகங்கள் வகுத்துள்ள விதிகளின்படி, ஊழியர்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய கடமை உண்டு. மனநல ஆலோசகர், மருத்துவர் போன்றோர் பொதுவாக ரகசியம் காக்க வேண்டியவர்கள். அவர்களுக்கும் விதிவிலக்குகள் உள்ளன: யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து என்றாலோ, சிறார் மீதான கொடுமை என்றாலோ பல நாடுகளில் அவர்கள் தெரிவித்தாக வேண்டும்.

ஆகையால் பேசத் தொடங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "நான் சொல்வதை நீங்கள் வேறு யாருக்காவது கட்டாயம் தெரிவிக்க வேண்டியிருக்குமா?"

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பல மாணவியர் தயங்குவார்கள். பயிற்சி பெற்ற எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நேராகப் பதில் சொல்வார்கள். பதிலில் தெளிவில்லை என்றால், பெயரும் இடமும் சொல்லாமல், "ஒரு மாணவிக்கு இப்படி நேர்ந்தால் என்ன வழிகள் இருக்கின்றன?" என்று பொதுவாகக் கேட்டு, தகவலை மட்டும் பெற்றுக்கொண்டு எழுந்து வரலாம். எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்ற முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அந்த உரிமை பறிக்கப்பட்ட பெண்ணிடமிருந்து, உதவி செய்கிறோம் என்ற பெயரில் இன்னொரு முறை பறிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

படி 4: சின்னக் காரணத்துக்காகவே போய் வாருங்கள்

முதல் முறை பெரிய சிக்கலோடுதான் போக வேண்டும் என்றில்லை. ஒரு பயிலரங்குக்குப் பெயர் கொடுக்க, நாப்கின் எங்கே கிடைக்கும் என்று கேட்க, சும்மா உட்கார்ந்து ஒரு புத்தகம் படிக்க என்று போகலாம். வாசலும் முகங்களும் பழகிவிட்டால், பின்னாளில் கால்கள் தயங்காமல் அங்கே போகும்.

மனநல ஆலோசனைக்குப் போவதென்றால் முதல் சந்திப்பில் பெரும்பாலும் ஒரு படிவம், சில பொதுவான கேள்விகள், "இப்போது எது உங்களைக் கூடுதலாக வருத்துகிறது?" என்ற விசாரிப்பு ஆகியவை இருக்கும். முழுக்கதையும் அன்றே சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம். எத்தனை முறை இலவசமாக வரலாம், காத்திருப்பு எவ்வளவு நாள், உங்கள் தாய்மொழி தெரிந்த ஆலோசகர் இருக்கிறாரா என்பவற்றைக் கேளுங்கள். அமைந்த ஆலோசகரோடு மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். இது அடிக்கடி நடப்பதுதான்.

தனியாகப் பேசத் தயங்குபவர்களுக்குக் குழு உரையாடல் நல்ல தொடக்கம். திறமையான பெண்கள் பலர், "நான் இந்த இடத்துக்குத் தகுதியானவள் இல்லை, என்றாவது பிடிபட்டுவிடுவேன்" என்று உள்ளுக்குள் அஞ்சுவதை 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் விவரித்து எழுதினார்கள். அவர்கள் பரிந்துரைத்த வழிகளில் ஒன்று, அப்படிப்பட்ட பெண்களை ஒரே அறையில் அமர்த்திப் பேசவைப்பது. பக்கத்து நாற்காலியில் இருப்பவளுக்கும் அதே அச்சம் என்று தெரியவரும் அந்தக் கணத்தில் முகங்கள் தெளிவதை நானே கண்டிருக்கிறேன். முதுநிலை மாணவியர், பேராசிரியைகள், முன்னாள் மாணவியர் ஆகியோரைப் புதியவர்களுக்கு வழிகாட்டியாக இணைக்கும் திட்டம் உங்கள் துறையில் இருந்தால் அதிலும் சேருங்கள்.

படி 5: பணம், விடுப்பு, குழந்தை

உதவித்தொகைகளை உங்கள் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் தேட வேண்டாம். வளரும் நாடுகளைச் சேர்ந்த பெண்கள் அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்வதற்காக, ஷ்லம்பர்ஜர் அறக்கட்டளை 2004-இல் தொடங்கிய 'ஃபேக்கல்டி ஃபார் த ஃப்யூச்சர்' போன்ற பன்னாட்டுத் திட்டங்களும் உள்ளன. இவற்றின் கடைசி நாட்களை உங்கள் தாளின் பின்பக்கம் எழுதுங்கள்.

கருவுற்றிருப்பவர்களும் தாய்மார்களும் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. பல உரிமைகள் எழுத்தில் இருக்கும், ஆனால் யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். இந்தியாவில், பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்கள் மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்புப் பெறலாம். ஆய்வை முடிக்கவும் அவர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் வரை தரப்படலாம். ஸ்காட்லாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல்கலைக்கழகங்கள் மாதவிடாய்ப் பொருட்களை இலவசமாக வழங்க வேண்டும். விடுப்பு எதுவானாலும் எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி பெறுங்கள். நெறியாளர் வாய்மொழியாகச் சொன்ன 'சரி' அவர் மாறியதும் செல்லாமல் போய்விடும்.

படி 6: இருட்டிய பிறகு

இரவில் ஆய்வகத்திலிருந்து விடுதிக்குத் துணை வரும் சேவை இருக்கிறதா, கடைசி வளாகப் பேருந்து எத்தனை மணிக்கு, அவசரத் தொலைபேசிக் கம்பங்கள் எங்கே என்று பார்த்து வையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, இருட்டிய பிறகு ஒருமுறை நடந்தும் பாருங்கள். எரியாத விளக்கு, மறைப்பாக வளர்ந்த புதர், கூப்பிட்டால் யாருக்கும் கேட்காத திருப்பம் என்று கண்டதையெல்லாம் குறித்து நிர்வாகத்துக்குக் கொடுங்கள். டொரண்டோ நகரப் பெண்கள் அமைப்பு ஒன்று 1989-இல் உருவாக்கிய பாதுகாப்புத் தணிக்கை முறை இப்படிப்பட்டதுதான். அச்சத்தோடு அந்தப் பாதையில் நடப்பவளுக்குத்தான் எந்த விளக்கு எரியவில்லை என்று தெரியும்.

படி 7: புகார் கொடுப்பதென்றால்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆலோசனை, மருத்துவம், விடுதி மாற்றம் போன்றவற்றைப் பெற நீங்கள் முறைப்படி புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை இல்லை. கேட்டுப் பாருங்கள்.

பாலியல் வன்முறை நேர்ந்திருந்தால் முதலில் மருத்துவமனை. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைகள் ஐந்து நாட்கள் வரை பயன் தரலாம் என்றாலும் அவற்றிலும் தாமதம் கூடாது. இயன்றால் குளிக்காமலும் உடைமாற்றாமலும் போங்கள். மாற்றிவிட்டால் அந்த உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, அப்போதும் போங்கள்.

தொல்லை தொடர்ந்து நடக்கிறதென்றால் குறிப்பேடு ஒன்று தொடங்குங்கள். தேதி, நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பல்கலைக்கழக மின்னஞ்சலில் மட்டும் வைக்காமல் உங்கள் சொந்தக் கணக்கிலும் ஒரு நகல் வையுங்கள்.

அடுத்து, காலக்கெடு. இந்தியாவில், பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உயர்கல்விக்கான 2015-ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகளையும் பின்பற்றி, இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்கள் இயங்குகின்றன. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே, குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் பணியை மதிப்பிடக் கூடாது என்று தடுக்கவும், உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரவும் குழு பரிந்துரைக்கலாம். தேர்வுத்தாள் அவர் கையில் இருக்கிறதே என்ற அச்சத்தில் வாய்மூடிப் போகிறவர்கள் மிகப் பலர். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்: அந்த இடைக்காலப் பாதுகாப்பைப் புகாரிலேயே கேட்டு எழுதுங்கள். இலங்கையில் பகிடிவதை எனப்படும் ராகிங்கையும் கல்வி நிறுவனங்களில் நடக்கும் பிற வன்முறைகளையும் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. மலேசியாவில் 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் தனித் தீர்ப்பாயத்துக்கு வழிவகுத்தது. வேறெங்கு படித்தாலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் காலக்கெடு எது என்பதை முதல் மாதத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

புகாரைக் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். வாங்காமல் வெளியே வராதீர்கள்.

படி 8: தோழிக்காகப் போகும்போது

பல நேரம் இந்தத் தாள் உங்களுக்கு முன்னால் உங்கள் அறைத்தோழிக்குத்தான் தேவைப்படும். அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "ஏன் அங்கே போனாய்?", "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டாம். "உனக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவள் அனுமதியில்லாமல் வாட்ஸ்அப் குழுவிலோ அவள் வீட்டாரிடமோ எதையும் பகிராதீர்கள். அவள் மையத்துக்கு வர ஒப்புக்கொண்டால் கூடவே நடந்து போங்கள். அறைக்குள் தனியாகப் போக விரும்பினால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள், அவள் வெளியே வரும்போது கொடுக்கலாம்.