பழைய அமிகாவில் ஹார்ட் டிஸ்க் சுவிட்சுகளை வைப்பது எப்படி?

கமடோர் நிறுவனத்தின் பழைய வீட்டுக் கணினி அமிகா 500 கைக்கு வந்துவிட்டது. பக்கவாட்டில் மாட்ட ஏ590 போன்ற ஹார்ட் டிஸ்க் பெட்டியும் கிடைத்துவிட்டது. ஆன் செய்தால், ஃபிளாப்பியைப் பிடித்திருக்கும் கை மட்டும் திரையில் நிற்கிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெட்டியில் அரிசிமணி அளவில் வரிசையாக இருக்கிறதே டிப் சுவிட்ச், முதலில் அதைப் பார்ப்போம்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. ஒர்க்பெஞ்ச் என்ற அமிகா சிஸ்டம் ஃபிளாப்பியைப் போட்டு, கட்டளைச் சாளரத்தில் வெர்ஷன் கட்டளையைக் கொடுங்கள். கிக்ஸ்டார்ட் என்பது கணினியின் ரோம் சிப்பிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள். அது 34.5 என்று வந்தால் 1.3 பதிப்பு. ஹார்ட் டிஸ்கிலிருந்து தானாக பூட் ஆகும். 33.180 என்று வந்தால் 1.2 பதிப்பு. எந்த சுவிட்சைத் தட்டினாலும் பயனில்லை, ஃபிளாப்பி வழியாகத்தான் தொடங்க வேண்டும்.

படி 1. கணினி, பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சுகள் இப்போது இருக்கும் நிலையை மொபைலில் படம் எடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அப்புறம் வருந்தாதவர் யாரும் இருக்க முடியாது.

படி 2. எந்தப் பக்கம் ஆன் என்று கண்டுபிடியுங்கள். சில சுவிட்சுகளில் ஆன் என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் ஓபன் என்று. ஓபன் என்றால் இணைப்பு திறந்திருக்கிறது, அதாவது ஆஃப். திறந்தால் வேலை செய்யும் என்று நினைத்து எல்லாவற்றையும் தலைகீழாக வைப்பவர்கள் நிறைய. தள்ளுவதற்கு பென்சில் வேண்டாம். அதன் கிராஃபைட் தூள் மின்சாரத்தைக் கடத்தும். மை தீர்ந்த பால்பாயின்ட் முனை போதும். ஒவ்வொன்றையும் பத்து தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பல வருடம் அசையாத தொடர்புமுனையில் படிந்த அழுக்கு உதிரும்.

படி 3. எந்த எண் சுவிட்ச் எதற்கு என்பது கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் (டிஸ்கைக் கணினியோடு இணைத்து இயக்கும் பலகை) மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். வேலைகள் மட்டும் பெரும்பாலும் இவைதான். ஆட்டோபூட்: ஆன். எல்யுஎன் (ஒரே முகவரிக்குள் டிரைவைப் பிரித்துக் காட்டும் துணை எண்): ஒரே முகவரியில் இரண்டு டிரைவை இணைக்கும் பிரிட்ஜ் அட்டை இல்லாவிட்டால் ஆஃப்.

காத்திருப்பு நேரத்துக்கான சுவிட்ச்தான் முக்கியம். பழைய டிரைவ் முழு வேகத்தில் சுழலப் பல வினாடிகள் பிடிக்கும். கன்ட்ரோலர் அதற்குள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று போய்விடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஆன் செய்ததும் டிஸ்க் தெரியாது. கன்ட்ரோலும் இரண்டு அமிகா விசைகளும் சேர்த்து அழுத்தி மறுபடி தொடங்கினால் சமர்த்தாகத் தெரியும். அப்படியானால் நீண்ட காத்திருப்புக்கு மாற்றுங்கள்.

படி 4. ஸ்கஸி (ஒரே கேபிளில் பல டிரைவுகளை இணைக்கும் முறை) டிரைவாக இருந்தால் அதன் எண்ணை வைக்க வேண்டும். டிரைவில் மூன்று ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) இடங்கள் இருக்கும், மதிப்பு 1, 2, 4. மாட்டியவற்றைக் கூட்டினால் எண் வந்துவிடும். 2-ம் 4-ம் மாட்டினால் 6, எதையும் மாட்டாவிட்டால் 0. வழக்கமாக 7 கன்ட்ரோலருக்கு உரியது. நான் ஒருமுறை மூன்றையும் மாட்டிவிட்டேன், எண் அந்த 7 ஆகிவிட்டது. ஒரே டிரைவ் பட்டியலில் எல்லா எண்ணிலும் வந்து நின்றது. ஏழு டிரைவ் கிடைத்த சந்தோஷம் சில நிமிடம்தான் நீடித்தது.

படி 5. ஸ்கஸி கேபிளின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் (சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுப்பது) இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. பழைய டிரைவில் இது சீப்பு மாதிரி மெலிந்த ரெசிஸ்டர் பட்டைகளாக, பெரும்பாலும் மூன்றாக இருக்கும். கழற்றும் முன் பட்டையின் ஓரத்திலுள்ள புள்ளி எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் டிரைவ் வேலை செய்யாது.

இனி பிளக்கை மாட்டி ஆன் செய்யலாம். இன்னும் பூட் ஆகவில்லையா? ஃபிளாப்பியிலிருந்து ஹெச்டி டூல்பாக்ஸ் என்ற டிஸ்க் அமைப்பு நிரலைத் திறங்கள். டிரைவின் எண் அங்கே தெரிந்தால் சுவிட்ச் வேலை முடிந்தது, மீதிச் சிக்கல் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்திருப்பதில் இருக்கிறது. தெரியாவிட்டால் ஒரே ஒரு சுவிட்சை மாற்றி, மறுபடி பாருங்கள். அந்தத் திரையில் லோ லெவல் ஃபார்மட் என்று டிஸ்கை முழுதாக அழித்துவிடும் பட்டன் ஒன்று இருக்கும். அதன் பக்கம் மட்டும் மவுஸைக் கொண்டுபோகாதீர்கள்.