சர்க்கரை இறங்கியதும் இன்சுலினை நிறுத்தாதீர்கள்: அவசரச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய பயிற்சி மருத்துவர்கள் அவசரப் பிரிவுக்கு வரும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்து திட்டு வாங்கிய அதே தவறுகள் கேஸ் ஷீட்டில் மீண்டும் இடம்பிடிப்பதைப் பார்க்கிறேன். மருந்தின் அளவைத் தப்பாக எழுதுவது, ஒவ்வாமையைக் கேட்க மறப்பது போன்றவற்றை அனுபவமுள்ள செவிலியர் உடனே பிடித்துவிடுவார். சரியான முடிவுபோலவே தோற்றமளித்து நோயாளியின் நிலையை மோசமாக்கும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

சர்க்கரை குறைந்ததும் இன்சுலின் டிரிப்பை நிறுத்துவது

நீரிழிவு கீட்டோஅசிடோசிஸில், அதாவது இன்சுலின் போதாமல் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருட்கள் பெருகும் நிலையில், உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அமிலமும், நீரிழப்பும், பொட்டாசியக் குறைவுமே. இன்சுலின் இல்லாத உடலில் கொழுப்பு உடைந்து, கல்லீரலில் கீட்டோன்களாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த உற்பத்தியை நிறுத்துவதற்காகத்தான் இன்சுலின் கொடுக்கிறோம். ஆனால் சலைன் ஏறத் தொடங்கியதுமே, சிறுநீர் வழியாக வெளியேறுவதாலும் நீர்த்துப்போவதாலும் சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடுகிறது. கீட்டோன்கள் அடங்க அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. இந்த இடைவெளியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒருமுறை, முதல் வகை நீரிழிவு உள்ள ஓர் இளைஞர் வாந்தியும் வயிற்றுவலியுமாக இரவில் சேர்க்கப்பட்டார். நள்ளிரவைத் தாண்டியதும் சர்க்கரை 190-க்கு வந்தது. பணியில் இருந்த பயிற்சி மருத்துவர், “சர்க்கரை கட்டுக்குள் உள்ளது, இன்சுலின் நிறுத்தப்பட்டது” என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். காலையில் ரவுண்ட்ஸ் வந்தபோது அந்த இளைஞர் மீண்டும் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை 260-ஐத் தாண்டவில்லை என்பதால் யாருக்கும் பதற்றம் வரவில்லை. மணிக்கொருமுறை சர்க்கரை அழகான கையெழுத்தில் பதிவாகியிருந்த அந்தத் தாளில் கீட்டோன் கட்டம் மட்டும் காலியாக இருந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சர்க்கரை 250-க்குக் கீழே வந்ததும் செய்ய வேண்டியது, திரவத்தில் 5 அல்லது 10 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து, இன்சுலினை ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.1 யூனிட்டிலிருந்து 0.05 யூனிட்டாகக் குறைத்துத் தொடர்வதே. இரத்தக் கீட்டோன் 0.6 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, இரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். 7.3-ஐயோ, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 18-ஐயோ எட்டினால்தான் நிலைமை தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். சிறுநீர்க் கீட்டோன் பட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது இந்நிலையின் முக்கியக் கீட்டோனான பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைக் காட்டாது என்பதோடு, நோயாளி தேறிவரும்போதும் நிலைமை மோசமாவதுபோல் காட்டக்கூடும். சலைன் நிறைய ஏறியபின் குளோரைடு கூடுவதாலும் பைகார்பனேட் தாழ்ந்தே நிற்கலாம் என்பதால், அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பதும் ஆபத்து.

நரம்பு வழியாகப் போகும் இன்சுலின் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். எனவே நீண்டநேரம் செயல்படும் இன்சுலினைத் தோலடியில் போட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே டிரிப்பைக் கழற்ற வேண்டும். ஊசியைக் காலை உணவோடு போட்டுக்கொள்ளலாம் என்று இரவிலேயே டிரிப்பைக் கழற்றுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அப்படிப்பட்டவர் வாந்தியோடு வந்தால், குளுக்கோமீட்டரின் எண் எதுவாக இருந்தாலும் கீட்டோனைப் பாருங்கள்.

பொட்டாசியம் பார்க்காமல் இன்சுலின்

3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகே இன்சுலின்.

கார்டிசால் முடிவுக்காகக் காத்திருப்பது

பல மாதங்களாக ஸ்டீராய்டு எடுத்து திடீரென நிறுத்திய ஒருவர், காய்ச்சலோடும் திரவத்துக்கு மசியாத குறைந்த இரத்த அழுத்தத்தோடும் வந்தால், அட்ரீனல் நெருக்கடியை, அதாவது அட்ரீனல் சுரப்பியின் கார்டிசால் ஹார்மோன் போதாமல் போகும் ஆபத்தை, நினைக்க வேண்டும். இரத்த மாதிரியை எடுத்த கையோடு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி. நரம்பில் போய்விட வேண்டும். ஆய்வகத்திலிருந்து முடிவு வருவதற்குள் காலம் கடந்துவிடும். ஸ்டீராய்டு தேவைப்படாதவர் என்று பின்னர் தெரிந்தாலும் அந்த ஒரு டோஸால் பெரிய கேடு வராது. தைராய்டு ஹார்மோன் மிகவும் குறைந்து வரும் மிக்சிடீமா மயக்கத்திலும், அட்ரீனல் குறைபாடு இல்லையென உறுதியாகும்வரை, தைராக்சினுக்கு முன்பு ஹைட்ரோகார்டிசோன் கொடுப்பதே வழக்கம்.

மயக்கம் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்புவது

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளால் சர்க்கரை இறங்கி மயங்கியவர், டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, தனக்கு ஒன்றுமில்லை என்பார். உறவினர்களும் புறப்பட அவசரப்படுவார்கள். மாத்திரை இன்னும் இரத்தத்தில் இருக்கிறது என்பதையும், சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடம் அது நெடுநேரம் தங்கும் என்பதையும் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கி, குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருங்கள்.

கடும் நோயில் படுத்திருப்பவருக்கு எல்லாம் தைராய்டு பரிசோதனை

தைராய்டு நோய்க்கான அறிகுறி இல்லையென்றால் வேண்டாம்.

சோடியத்தை ஒரே நாளில் சரிசெய்வது

பல நாட்களாகக் குறைந்திருந்த சோடியத்தை வேகமாக உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதையக்கூடும். 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பானது. பலர் கவனிக்காத ஒரு கண்ணி இதில் உண்டு. அட்ரீனல் குறைபாட்டால் சோடியம் குறைந்தவருக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்ததும் சிறுநீரகம் தேங்கிய நீரைத் திடீரென வெளியேற்றத் தொடங்கும், சோடியமும் தானாகவே எகிறும். ஆகவே சிறுநீர் அளவை மணிக்கொருமுறை குறித்துவரச் சொல்லி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியத்தைப் பாருங்கள். சிறுநீர் திடீரெனப் பெருகினால் அடுத்த பரிசோதனை நேரம் வரை காத்திராமல் உடனே மாதிரி அனுப்புங்கள்.