ஓப்பனிங் மனப்பாடம்: சறுக்கும் இடங்கள்

1988இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் விஸ்வநாதன் ஆனந்த் ஆறே நகர்த்தலில் தோற்றார். எதிரே அலோன்சோ சபாட்டா. ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை, பெட்ராஃப் எனப்படுவது. ஐந்தாவது நகர்த்தலில் கறுப்பில் ஆடிய ஆனந்த் பிஷப்பை எஃப்5-இல் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) வைத்தார். முந்தைய ஆண்டு மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் இதே நகர்த்தல் வந்து, ஆட்டம் டிராவில் முடிந்திருந்தது. சபாட்டா ராணியை இ2-க்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். இ4-இல் நிற்கும் கறுப்புக் குதிரைக்குப் பின்னால் ராஜா இருப்பதால் அது நகரவே முடியாது. டி5 என்று சிப்பாயைத் தள்ளிக் காப்பாற்றப் பார்த்தால் வெள்ளை டி3 என்று சிப்பாயைத் தள்ளி அந்தக் குதிரையைத் தாக்கும். ராணியை இ7-இல் வைத்தால் வெள்ளைக் குதிரை டி5-க்கு வந்து அந்த ராணியையே தாக்கும். எப்படியும் ஒரு காய் காலி.

பின்னாளில் உலக சாம்பியன் ஆனவருக்கே இது நடந்திருக்கிறது. ஒரு நகர்த்தலை யாரோ ஆடித் தப்பித்தார்கள் என்றால், எதிராளி அன்று சரியான பதிலை ஆடவில்லை என்றும் இருக்கலாம். பலகையில் ஒருமுறை பார்த்துவிட்டு ஆடுவதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

நம் மட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு இன்னும் எளிமையானது: நகர்த்தலை வரிசை எண்ணோடு மனப்பாடம் செய்வது. முதலில் இ5, அடுத்து குதிரை சி6, மூன்றாவதாகக் குதிரை எஃப்6 என்று ஒருவர் படித்து வைத்திருக்கிறார். வெள்ளை இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை எச்5-க்குக் கொண்டுவந்து, அப்புறம் பிஷப்பை சி4-இல் வைக்கிறது. இவரும் குதிரையை எஃப்6-இல் வைக்கிறார்; ராணியைத் தாக்கிவிட்டோம் என்ற சந்தோஷம் வேறு. ராணி எஃப்7-ஐ வெட்டி செக்மேட். மூன்றாவதாக ஜி6 ஆடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

பொறியை மட்டும் நம்பி ஓப்பனிங் படிப்பவர்களும் உண்டு. எங்லண்ட் கேம்பிட் என்ற, சிப்பாயைப் பலி கொடுக்கும் ஓப்பனிங்கில் கறுப்பு ராணி பி4-இல் செக் கொடுத்து பி2 சிப்பாயை வெட்டும். வெள்ளை பதறிப்போய் பிஷப்பை சி3-இல் வைத்தால், கறுப்பு பிஷப் பி4-க்கு வரும். வெள்ளை ராணியை டி2-இல் வைத்துத் தடுத்தாலும் சி1-இல் மேட் வரை போகும் அழகான பொறி. ஆனால் வெள்ளை அங்கே குதிரையை சி3-இல் வைத்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. கறுப்பு ராணி எதிரியின் பேட்டையில் தனியாக மாட்டிக்கொண்டு ஓட, வெள்ளை ஒவ்வொரு காயாக வெளியே எடுக்கும். பொறி படித்தவருக்கு இந்த நிலையில் என்ன செய்வதென்று தெரியாது, ஏனென்றால் அவர் பார்த்தது மேட்டோடு நின்றுவிட்டது.

படித்த வரிசையிலிருந்து எதிராளி விலகியதும் பதறுவது இன்னொன்று. 1918இல் நியூயார்க்கில் ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் மார்ஷல் திடீரென ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தார். எதிரே பின்னாளில் உலக சாம்பியன் ஆன கபாபிளாங்கா. மார்ஷல் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது தெரிந்தும் கபாபிளாங்கா சிப்பாயை வாங்கி, தாக்குதலுக்குத் தேவையான பதிலைப் பலகையிலேயே கண்டுபிடித்து ஜெயித்தார். இதற்கு நேர்மாறாக, தெரியாத நகர்த்தல் என்றாலே மட்டமான நகர்த்தல் என்று நினைத்து உடனே தண்டிக்கப் பாய்பவர்களும் இருக்கிறார்கள். பல நேரம் அது வெறும் சாதாரண நகர்த்தல். நீங்களும் ஒரு காயை வெளியே எடுத்தால் போதும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். முதல் பத்து நகர்த்தலை ஒரு நிமிடத்தில் ஆடிவிட்டு, பதினொன்றாவதில் முதன்முறையாகப் பலகையைப் பார்ப்பவருக்கு அந்த நிலை புரியவே நேரமாகும்.

சரி, படிக்கவே கூடாதா? படிக்கலாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அது எந்தக் கட்டத்தைப் பிடிக்கிறது, எதைத் தடுக்கிறது என்று சொல்லத் தெரியும் தூரம் வரை படித்தால் போதும். அதற்கு மேல் வரிசை தேவையில்லை. ஆடும்போது, எதிராளி காயை வைத்ததும் அவர் அடுத்து எதை வெட்ட முடியும், எங்கே செக் கொடுக்க முடியும் என்று பாருங்கள், மூன்றாவது நகர்த்தலாக இருந்தாலும் சரி. இந்தப் பழக்கம் வரவில்லை என்றால் முன்னாள் உலக சாம்பியன் ஃபிஷர் 1996இல் அறிவித்த 960 முறையில் சில ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். பின்வரிசைக் காய்கள் 960 விதங்களில் ஒன்றாகக் குலுக்கி வைக்கப்படுவதால், முதல் நகர்த்தலுக்கே யோசிக்க வேண்டிவரும்.